காணாமல் போன எட்டு அடி

பெருமதிப்பிற்கும் அதைவிடச் சற்றே பெரிய தொப்பைக்கும் உரிய தாய்மாமன் அவர்களின் திருச்சமூகத்திற்கு,

தங்கள் அக்காவின் மூத்த வாரிசும், வீட்டில் 'வாலு' என்றும் வெளியில் 'அந்த வீட்டு வாலு' என்றும் அழைக்கப்படுபவனுமாகிய அடியேன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், தங்கை தேவைக்கு மேலேயே நலம். அங்கே தாங்களும் தங்கள் லாரியும் டயர் முதல் தலைமுடி வரை நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முடி விஷயத்தில் மட்டும் நம்பிக்கை கொஞ்சம் கம்மி.

இதனால் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில், இன்று காலை சரியாகப் பத்தேகால் மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடப்பட்டது. தலைமையாசிரியர் முன்னிலை வகித்தார். உடற்பயிற்சி சார் எண்ணெய்க் குப்பியைக் கையில் ஏந்தினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் கைதட்டினார்கள். தாழ்ப்பாள் 'கிறீச்' என்று ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றிவிட்டுத் திறந்துகொண்டது. இந்த மாபெரும் நிகழ்ச்சிக்குக் காரணமானவர் யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள் மாமா. கேட்டுவிட்டீர்களா? நான்தான்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் எனக்குக் கிடைத்தது பதினேழு. நூற்றுக்குத்தான். மதிப்பெண் என்கிறார்கள், அதில் எண் இருந்தது, மதிப்பைத்தான் காணோம். 'புரட்சி ஏற்பட்டதற்கான காரணங்களை விவரி' என்ற கேள்விக்கு, 'மக்கள் பொறுமை இழந்தார்கள். நானும் இழந்துவிட்டேன். ஆகவே அடுத்த கேள்வி' என்று எழுதியிருந்தேன். சுருக்கமாகவும் உண்மையாகவும் எழுதச் சொல்லித்தானே எட்டு வருடமாகச் சொல்லித்தருகிறார்கள்? சமூக அறிவியல் டீச்சர் விடைத்தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டேய், நீ பதில் எழுதினியா, ராஜினாமா எழுதினியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லிவிட்டார்.

அங்கே என் பழைய தப்புகளையெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து வரிசையாக எடுத்து வைத்தார் மாமா. ஒன்றாம் வகுப்பில் 'என் குடும்பம்' படம் வரைந்தபோது தங்கையை விட்டுவிட்டு நாயை வரைந்தேன். நம்மிடம் நாயும் கிடையாது. இரண்டாம் வகுப்பில் 'நமக்கு உதவுவோர்' என்ற பாடத்துக்கு, எனக்கு உதவுவோர் பரீட்சையில் முன்னால் உட்காருபவர் என்று சொன்னேன். மூன்றாம் வகுப்பில் 'என் தெரு' வரைபடம். அதைப் பக்கத்து பெஞ்சுப் பையனைப் பார்த்து அப்படியே போட்டேன். அதில் அவன் வீடு இருந்தது, அவன் பெரியப்பா வீடு இருந்தது, என் வீடு மட்டும் இல்லை. அப்புறம் நான்காம் வகுப்பில் ஊர், ஐந்தில் நாடு, ஆறில் பூமி உருண்டை, ஏழில் ராஜாக்கள், எட்டில் புரட்சி, உரிமை, அரசியல் சட்டம் என்று வருடா வருடம் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. நடுவில் நான் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீ எங்க நின்னுபோனேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணாம் கிளாஸ்ல. அங்கேருந்து ஆரம்பி" என்றார்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வருடா வருடம் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களை வரைபடமாகப் போடவேண்டும். பிறகு 'நடந்து பார்க்கும் நாள்' என்று ஒன்று வரும். அன்றைக்குப் பெற்றோரில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவர் அந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அது காட்டுகிற வழியில் மட்டும் நடக்கவேண்டும். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால் வரைபடம் தேறியது. வேறெங்காவது போய் முட்டிக்கொண்டால் போச்சு. டீச்சர் போட்ட கட்டளை இதுதான்: "அந்தப் புள்ளைங்களோட சேர்ந்து வரைபடம் போடு. வழி தப்பாம கூட்டிட்டு வந்துச்சுன்னா, உனக்கு ஒன்பதாம் கிளாஸ்." "தப்புச்சுன்னா டீச்சர்?" "எட்டாம் கிளாஸ்ல நல்ல துணை இருக்கே. உன் தங்கச்சி வர்றாளே அடுத்த வருஷம்."

மாமா, தாங்கள் எட்டாம் வகுப்பை இரண்டு முறை ஆண்டவர். தங்களுக்குத் தெரியாத துயரம் இல்லை. ஆனால் தாங்கள் ஆண்டபோது தங்கை பக்கத்தில் உட்காரவில்லை. இவளோ செய்தி கேட்ட அன்றைக்கே, "ஜன்னல் பக்கம் எனக்கு. நீ உள்ள தள்ளி உக்காந்துக்கோ. பென்சில் கடன் கேக்கக் கூடாது" என்று சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். நோட்டின் பின்னட்டையில் 'அடுத்த வருட வகுப்புத் தோழர்கள்' என்று ஒரு பட்டியல் எழுதி, என் பெயரைப் பென்சிலால் சேர்த்திருந்தாள். பேனாவால் எழுதும் நாளுக்காகக் காத்திருக்கிறாளாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்படியே என் தம்பி ஜாடை" என்று பெருமூச்சு விட்டார். யாரைச் சொன்னார் என்று தங்களுக்குத் தெரியும்.

மறுநாளே மூன்றாம் வகுப்பில் போய் இறங்கினேன். நாற்காலி முழங்கால் உயரம். உட்கார்ந்தால் காது இரண்டும் முட்டிக்கு நடுவில் வருகிறது. முப்பது பேரும் என்னைச் சுற்றி நின்று, "அண்ணா நீங்க ஃபெயிலா?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். இல்லை, நான் ஆலோசகர் என்றேன். "ஆலோசகர்னா ஃபெயிலா?" என்று ஒரு குரல் வந்தது. குனிந்து பார்த்தால் அதிலேயே ஆகக் குட்டியான ஒருத்தி. ஆள் சின்னது, கேள்வி மட்டும் சுருக்கென்று ஏறும். 'குண்டூசி' என்று அப்போதே பெயர் வைத்துவிட்டேன். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நோட்டு அட்டையில் எழுதிவிட்டாள்.

மூன்றாம் வகுப்பில் அடிக்கோல், டேப் எதுவும் கூடாது. அதெல்லாம் நான்காம் வகுப்பில்தானாம். இவர்கள் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டப் பாதம் வைத்து எண்ணவேண்டும், அதுதான் அடி. முப்பது ஜோடிப் பாதத்தோடு தெருவில் இறங்கினேன் மாமா. ஒருவன் குதித்துக் குதித்து அளந்தான். ஒருத்தி நண்டு மாதிரி பக்கவாட்டில் போனாள். ஒருவன் நாற்பத்தேழு வரை எண்ணிவிட்டு, வழியில் ஒரு பூனையைப் பார்த்ததில் நாற்பத்தேழையும் பூனையிடமே கொடுத்துவிட்டு வந்தான். ஒரே தெரு ஒருவனுக்கு நூறு அடி, இன்னொருவனுக்கு முந்நூறு அடி. பேசாமல் புரட்சியின் காரணங்களையே ஒழுங்காக எழுதித் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

இந்த இடத்தில்தான் அடியேனின் மூளை வேலை செய்தது. பள்ளிக்குப் பின்பக்கத் தெருவில் மூன்று கடைகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன: சலவைக் கடை, மரப்பட்டறை, சைக்கிள் ரிப்பேர் கடை. ஒவ்வொன்றையும் உள்ளே போய்ச் சுவருக்குச் சுவர் அளந்தோம். சுவர்களின் தடிமனையும் கூட்டினோம். அறுபத்து மூன்று அடி. வெளியே தெருவில் முதல் கடை மூலையிலிருந்து கடைசிக் கடை மூலை வரை அளந்தோம். எழுபத்தொரு அடி. எட்டு அடி எங்கே போனது? சாதாரண மனிதன் என்றால் எண்ணியதில் தப்பு என்று விட்டுவிடுவான். நான் விடவில்லை. நெற்றியில் மூன்று கோடு விழ யோசித்தேன். சலவைக் கடைக்கும் மரப்பட்டறைக்கும் நடுவே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று என் உள்மனம் சொன்னது. பேனாவை எடுத்து, வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு கோடு இழுத்து, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரு சந்தை வரைந்தேன். அதற்கு 'வாலறிஞர் சந்து' என்று அழகான எழுத்தில் பெயரும் சூட்டினேன். குண்டூசி பக்கத்தில் நின்று பென்சில் சீவிக் கொடுத்தாள்.

நடந்து பார்க்கும் நாள் வந்தது. சீட்டில் வந்தது யார் தெரியுமா? அந்தத் தெருக்களுக்குப் பதினோரு வருடமாகத் தபால் கொடுக்கிற தபால்காரம்மா! அவர் பையன்தான் பூனையிடம் நாற்பத்தேழைக் கொடுத்தவன். வரைபடத்தை வாங்கினார், வாயை மூடினார், நடந்தார். பின்னால் டீச்சர், பெற்றோர், முப்பது பிள்ளைகள், நம் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் பேனாவோடு தங்கை. முதல் தெரு சரி. இரண்டாவது திருப்பம் சரி. சலவைக் கடை சரி. அடுத்து வரைபடம் 'இடப்பக்கம் சந்தில் திரும்பவும்' என்கிறது. இடப்பக்கம் இருப்பதோ ஆள் உயரத்துக்குச் சாத்தி வைத்த மரப்பலகைகள், அதன் மேல் ஒரு தார்ப்பாய். தபால்காரம்மா நின்றார். வரைபடத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பேசக் கூடாதே! பதினோரு வருடத் தபாலும் தொண்டையில் வந்து நிற்கிற மாதிரி முகம் சிவந்தது.

பட்டறையிலிருந்து தச்சர் வந்தார். காதில் பென்சில், தலையெல்லாம் மரத்தூள். "என்னம்மா, கட்டில் பாக்கறீங்களா?" தபால்காரம்மா வரைபடத்தைக் காட்டினார். "சந்தா? இங்கயா? இது நான் பலகை வெக்கிற இடம்மா." டீச்சர் கேட்டார், "எத்தனை வருஷமா வெக்கிறீங்க?" "நான் எங்க வெச்சேன்? எங்கப்பா வெச்சது. நான் அது மேலயே வெச்சுகிட்டு வர்றேன்." கூட்டத்தில் முணுமுணுப்பு. தங்கை பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் மாமா, நான் ஓரடி முன்னால் வந்து, கையை நீட்டி, கணீரென்ற குரலில், "ஒரே ஒரு பலகைய எடுத்துப் பாருங்க!" என்றேன்.

தச்சர் சிரித்துக்கொண்டே ஒரு பலகையை நகர்த்தினார். உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது.

இருட்டு வரவேண்டிய இடத்தில் வெளிச்சம் வந்தால் யாருக்கும் சிரிப்பு நின்றுவிடும். இரண்டாவது பலகையை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார், அதற்குள் முப்பது பிள்ளைகளும் அவர் கைக்கு அடியில் புகுந்து உள்ளே ஓடிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சுவர், மேலே வானம், கீழே சருகு, நேரே நாற்பது தப்படியில் ஒரு துருப்பிடித்த கேட். எந்தக் கேட் தெரியுமா? எங்கள் மைதானத்து மூலையில் எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கிற அந்தக் கேட்தான். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பலகையும் சருகும்தான் தெரியும். எட்டு வருடமாக நான் அதில் பையைத்தான் மாட்டியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உடற்பயிற்சி சார் அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். துண்டை விலக்கினால் கம்பிக்கு அந்தப்புறம் முப்பது முகம். ஐயோ என்று அவர் போட்ட சத்தத்துக்கு ஐந்தாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்றதாம்.

கடைசியாகத் தச்சர் உள்ளே வந்தார். கேட்டின் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "நானும் இங்கதான் படிச்சேன். இந்தக் கேட்டுல தொங்கி விளையாடி அடி வாங்கியிருக்கேன். அந்தப் பக்கம் எங்க பலகைதான் இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது" என்றார். அன்று மதியத்துக்குள் ஆள் வைத்துப் பலகை எல்லாவற்றையும் பட்டறைக்குப் பின்னால் மாற்றிவிட்டார். பின்தெருப் பிள்ளைகள் இதுநாள்வரை லாரி போகிற பெரிய சாலையைச் சுற்றித்தான் பள்ளிக்கு வந்தார்கள். தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, லாரி ஓட்டுகிறவர்களிலும் நல்லவர்கள் உண்டு என்று நான் எல்லாரிடமும் சொல்லித்தான் வருகிறேன். இனிமேல் அந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது தப்படிதான்.

தபால்காரம்மா கேட்டைத் தொட்டார். நடை முடிந்தது. வாயைத் திறந்தார். "பதினோரு வருஷம்! இப்படி ஒரு சந்துக்கு ஒரு கார்டு கூட வந்ததில்லையே!" என்றார். பிறகு தணிந்து, "ஒரு லெட்டர் வந்தா போதும், நான் கொண்டுவந்து குடுத்துடுவேன். லெட்டர் வந்துட்டா அதுவும் தெருதான்" என்றார்.

இந்தக் கடிதத்தின் நோக்கமும் அதுதான் மாமா. தாங்கள் உடனே எனக்கு ஒரு பதில் எழுதவேண்டும். உறையில் 'வாலறிஞர், வாலறிஞர் சந்து, பள்ளிக்கூடப் பின்வாசல்' என்று கொட்டை எழுத்தில் போடவும். சந்துக்குப் பெயர் வைக்க மூன்றாம் வகுப்பில் தேர்தல் நடந்தது. முடிவு என்னவாக இருக்கும் என்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். டீச்சர் கண் கலங்கியதாகவும் கேள்வி. நானோ ஒன்பதாம் வகுப்பு. தங்கை இன்று ரப்பர் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவின் இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியாக ஒரு கிள்ளு. தங்கள் லாரி போகிற பாதையெல்லாம் பள்ளமில்லாமலும், பள்ளமிருந்தால் தங்கள் கண்ணில் முன்கூட்டியே படும்படியும் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பெயரைக் காப்பாற்றாமல் விட்டதால் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்ட மருமகன்,
வாலு

பின்குறிப்பு: மாமா, உறையில் எழுதுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். தங்கை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். "நீ எழுதறியா, நான் தனியா ஒண்ணு எழுதட்டுமா?" என்கிறாள். அவள் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எட்டு அடி இடிக்கிறது என்று கண்டுபிடித்தது நான் இல்லை, குண்டூசி. உள்ளே அளந்தவளும் அவள், வெளியே அளந்தவளும் அவள், இரண்டும் ஒரே பாதம். "எட்டு அடி எங்க போச்சு அண்ணா?" என்று கேட்டாள். "ஓடிப்போச்சு, எழுபத்தொண்ண அறுபத்து மூணா மாத்து" என்றேன். மாற்றமாட்டேன் என்று மறுபடி போய்க் கடை கடையாக அளந்துவிட்டு வந்து, வரைபடத்தில் பலகை இருக்கிற இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டாள். நான் அழித்தேன். அவள் போட்டாள். நான் அழித்தேன். நாலாவது தடவை அழித்ததில் சார்ட் கிழிந்து ஓட்டை விழுந்துவிட்டது. மறுநாள் நடந்து பார்க்கும் நாள். ஒரு துண்டுத் தாளை மேலே ஒட்டினேன். துண்டு நீளவாக்கில் சந்து மாதிரியே இருந்தது. சரி போ என்று சந்தாகவே வரைந்து, சும்மா இருக்கட்டும் என்று என் பெயரையும் எழுதிவிட்டேன். உள்மனம் எதுவும் சொல்லவில்லை. உள்ளே எதுவும் இல்லை.

அன்றைக்குத் தபால்காரம்மா பலகைக்கு முன்னால் நின்றபோது நான் முன்னால் வரவும் இல்லை. சைக்கிள் கடைக்குள் ஓடி, மாட்டி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நடந்ததையெல்லாம் ஒரு டயரின் ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். கையை நீட்டியதும், ஒரு பலகையை எடுத்துப் பாருங்கள் என்றதும் குண்டூசி. கணீரென்றெல்லாம் இல்லை, கீச்சென்றுதான் சொன்னாள். ஆனால் ஒரு எழுத்து நடுங்கவில்லை.

அப்புறம் கேட்டருகே டீச்சர் என்னைப் பார்த்து, "இந்த எட்டு அடியக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார். 'நான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மாமா, சத்தியமாக. ஆனால் அந்தக் குட்டி, நான் சொல்வதற்கு முன்பே எனக்காகக் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் வாய் என்னைக் கேட்காமல், "இவதான் டீச்சர். நான் அழிச்சேன். நாலு தடவை" என்று சொல்லிவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "வரைபடம் வழி தப்பல. பேச்சு பேச்சுதான், நீ ஒன்பதாம் கிளாஸ் போ. ஆனா இன்னிக்கு நீ பாஸ் பண்ணினது மூணாம் கிளாஸ்தான். மிச்ச அஞ்சையும் லீவுல முடிச்சிட்டு வா" என்றார். கண் கலங்கவில்லை; மரத்தூள் விழுந்திருந்தது. லீவில் குண்டூசி தினமும் வந்து என்னிடம் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. நாலாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறோம். அவளுக்கும் அது புதுப் பாடம்தான்.

உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது என்னைப் பெரிய ஆளாக நினைக்கட்டும் என்றுதான் தூரத்தில் இருக்கிற தங்களுக்கு அப்படி எழுதினேன். மன்னிக்கவும். தேர்தல் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 'எட்டடிச் சந்து' இருபத்தொன்பது ஓட்டு. 'வாலறிஞர் சந்து' ஒன்று. அந்த ஒன்றும் என்னுடையது இல்லை. எனக்கு ஓட்டுரிமை கிடையாது என்று எட்டு வயதுத் தேர்தல் அதிகாரி கையை விரித்துவிட்டார். அதைப் போட்டது குண்டூசி. ஏன் போட்டாய் என்று கேட்டேன். "பாவமா இருந்துச்சு அண்ணா" என்றாள்.

அதனால் மாமா, உறையில் 'வாலறிஞர்' என்று எழுதவேண்டாம். அப்படி ஒருவரை இங்கே யாருக்கும் தெரியாது. 'குண்டூசியின் அண்ணன், எட்டடிச் சந்து' என்று போடுங்கள். தபால்காரம்மா கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.